பன்னிரண்டு மூலைக் கிருமி

வடசென்னையின் நோய் வரலாறு – 9

கொரோனா வைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். மெட்ராஸ் ஐயை உண்டாக்கும் கிருமிகளில் முக்கியமானதான அடினோவைரஸின் குறுக்களவு ஏறத்தாழ 90 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் முன்னதைப் பத்தாயிரம் நிறுத்தலாம், பின்னதைப் பதினோராயிரம் நிறுத்தலாம். அளவில் இவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் உள்ளங்கையில் சானிடைசரை விட்டுத் தேய்த்தால் முதலாவது சில நொடிகளில் குலைந்துபோகிறது; இரண்டாவது அவ்வளவு எளிதில் குலைவதில்லை. சென்ற வாரம் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிப் பேசியபோது, தூசியின் அளவே அதன் தீங்கைத் தீர்மானிக்கிறது என்று பார்த்தோம். 2.5 மைக்ரானுக்குக் கீழே போனால் நுரையீரலின் அடிவரை இறங்கும்; பெரிய துகள் என்றால் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கிருமிக்கு அந்தக் கணக்கு போதாது. ஒரு வைரஸ் எதனால், எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், அது எந்த வழியாகப் பரவும், எதற்கு அடங்கும், யாரை அதிகம் பிடிக்கும் என்று சொல்ல முடியும். அந்த வழியில் யோசித்துப் பார்த்தால், மெட்ராஸ் ஐ என்பது ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள தொழிலாளிக்கு வெறும் பருவகாலத் தொல்லையாகத் தெரியாது. பட்டறையின் முதலுதவிப் பெட்டியில் தீர்க்க வேண்டிய தொழில்சார் ஆபத்தாகத் தெரியும்.

முதலில் நோயின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு கதையைச் சரிசெய்துவிடலாம். 1918-இல் எழும்பூர் கண் மருத்துவமனையில் அடினோவைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால்தான் இந்த நோய்க்கு ‘மெட்ராஸ் ஐ’ என்று பெயர் என ஆண்டுதோறும் செய்திகளில் படிக்கிறோம். அதில் பாதி உண்மை. 1819-இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த கிர்க்பாட்ரிக், மதராஸில் கொள்ளைநோயாகப் பரவிய ஒரு கருவிழி அழற்சியைக் கவனித்து, 1920-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். அவர் விவரித்தது நோயை. கிருமியைப் பார்க்கும் வசதி அன்று உலகில் எங்குமே இல்லை. 1953-இல் அமெரிக்காவில் வாலஸ் ரோவும் அவரது குழுவினரும், குழந்தைகளின் மூக்குக்குப் பின்னாலிருந்து அறுவை செய்து எடுத்த அடினாய்டு சதையை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தபோதுதான் இந்த வைரஸ் முதன்முதலாகப் பிடிபட்டது. அந்தச் சதையின் பெயரே 1956-இல் கிருமிக்கும் ஆயிற்று. 1959-இல் ஹார்ன், சிட்னி பிரென்னர் உள்ளிட்டோர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து அதன் வடிவத்தை வெளியிட்டார்கள். அணு அளவிலான முழு வரைபடம் கிடைக்க 2010 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எக்ஸ் கதிர்கள் மூலம் அதை வரைந்து ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட நால்வரில் விஜய் ரெட்டியும் எஸ். குந்தவை நாச்சியாரும் இருந்தார்கள் என்பதைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அந்த வரைபடம் காட்டுவது இதைத்தான். அடினோவைரஸ் உருண்டை இல்லை. இருபது சம முக்கோணப் பரப்புகள் சேர்ந்த ஒரு வடிவம் அது. முப்பது விளிம்புகள், பன்னிரண்டு மூலைகள். இந்த ஓடு முழுக்கப் புரதத்தால் ஆனது. பரப்புகளையும் விளிம்புகளையும் மூடியிருப்பவை ஹெக்சான் என்ற புரதக் கட்டிகள், மொத்தம் 240. ஒவ்வொரு ஹெக்சானும் மூன்று புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னி உருவானது. பன்னிரண்டு மூலைகளிலும் பென்டான் என்ற வேறொரு கட்டி உட்கார்ந்திருக்கிறது. அதன் அடித்தளம் ஐந்து துண்டுகளால் ஆனது. ஆக 252 கட்டிகள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு நார் வெளியே நீள்கிறது, அதன் நுனியில் ஒரு குமிழ். ஹெக்சான்களுக்கு இடையிலான மூட்டுகளை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் சிறு புரதங்கள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உள்ளே இருப்பது ஏறத்தாழ 36,000 எழுத்துகள் கொண்ட இரட்டைச் சர டிஎன்ஏ. அதை நீட்டிப் பிடித்தால் சுமார் 12,000 நானோமீட்டர் வரும். தன் குறுக்களவைப்போல நூற்றுமுப்பது மடங்குக்கும் மேல் நீளமான நூலை, சிக்காமல் சுருட்டித் தன்னுள் வைத்திருக்கிறது இந்தக் கிருமி. சிக்கனம் என்றால் இதுதான்: நாற்பது சொச்சம் மரபணுக்கள், ஒரே வகைக் கட்டியைத் திரும்பத் திரும்ப அடுக்கிய சுவர், வேலை செய்ய மூலைகள் மட்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் புரியும். கன்டெய்னரின் பக்கவாட்டுத் தகடுகள் சரக்கைக் காக்க மட்டுமே; கிரேன் அதைத் தூக்குவதும் லாரியில் பூட்டுவதும் எட்டு மூலைகளிலுள்ள வார்ப்புத் துளைகளில்தான். அடினோவைரஸிலும் அப்படியே. பரப்புகள் டிஎன்ஏவைக் காக்கின்றன. நம் உடலோடு பூட்டிக்கொள்ளும் வேலை பன்னிரண்டு மூலைகளில் மட்டும் நடக்கிறது. நாரின் குமிழ் முதலில் செல்லின் மேற்பரப்பில் தனக்குரிய பிடியைத் தேடிப் பற்றுகிறது. சளி உண்டாக்கும் பல வகைகளுக்கு அந்தப் பிடி ஒரு புரதம். கண்ணைத் தாக்கும் 37-ஆம் வகை போன்றவைக்கோ, கருவிழியின் மேல்தோல் செல்களில் இருக்கும் சியாலிக் அமிலம். குமிழ் பற்றியபின் பென்டானின் அடித்தளம் இரண்டாவது பிடியைப் போட, செல் அந்தக் கிருமியைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அங்கே அமிலத்தன்மை கூடக்கூட ஓடு தளர்கிறது. உள்ளிருந்து வெளிப்படும் ஒரு புரதம் செல்லின் பையைக் கிழிக்கிறது. மிச்ச ஓடு உட்கருவின் வாசல்வரை சென்று டிஎன்ஏவை ஒப்படைக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மனித அடினோவைரஸ் வகைகளில் ஒன்று தொண்டையையும் இன்னொன்று குடலையும் மற்றொன்று கண்ணையும் தேடிப் போவதற்கு அந்தக் குமிழின் வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். இந்த ஓடு உடலுக்குள் போனால் அவிழும். அதுவரை அவிழாமல் இருப்பதற்கென்றே கட்டப்பட்டது.

இங்கேதான் கொரோனாவோடு வேறுபாடு தொடங்குகிறது. கொரோனா வைரஸின் வெளிப்புறம் கொழுப்பாலான ஓர் உறை. அது நம் செல்லிலிருந்தே கிழித்துப் போர்த்திக்கொண்டது. சோப்போ ஆல்கஹாலோ பட்டால் கொழுப்பு கரைகிறது, உறையில் பதிந்திருந்த முட்புரதங்கள் கழன்றுவிடுகின்றன, கிருமி செயலிழக்கிறது. அடினோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. கரைக்கக் கொழுப்பு இல்லாத இடத்தில் ஆல்கஹால் புரதத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். உலர்ந்த பிளாஸ்டிக், உலோகப் பரப்புகளில் கண்ணைத் தாக்கும் வகைகள் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருப்பதை 1990-களிலேயே ஆய்வுக்கூடங்கள் காட்டிவிட்டன. கண்ணழுத்தம் பார்க்கும் கருவியின் முனையை ஐசோபுரோபில் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்தால் மட்டும் போதாது என்பதும் அப்போது தெரியவந்ததே. இந்த உறுதியை மனிதர்கள் நல்லதற்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். கோவிஷீல்டு தடுப்பூசி, பெருகும் திறன் நீக்கப்பட்ட சிம்பன்சி அடினோவைரஸ்தான். ஒரு டோஸான அரை மில்லியில் 5,000 கோடித் துகள்கள். அவை 2 முதல் 8 டிகிரிக்குள், சாதாரண ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்தன. ஊர் ஊராகத் தடுப்பூசி போய்ச் சேர உதவிய அதே கட்டுறுதிதான், ஒருவர் கண்ணைத் தொட்ட கை இன்னொருவர் கண்ணைத் தொடும்வரை கிருமியைக் காப்பாற்றுகிறது.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். 1941-இல் ஹவாயின் பேர்ல் ஹார்பர் கப்பல் தளத் தொழிலாளர்களிடையே கடுமையான ஒரு கண்நோய் பரவியது. அடுத்த ஆண்டுக்குள் அது பசிபிக்கைத் தாண்டி அமெரிக்க மேற்குக் கரையின் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. ‘கப்பல் தளக் கண்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். போர்க்காலம், வேலைக்கு ஆள் வராவிட்டால் கப்பல் நிற்கும். ஆகவே துருவித் துருவி விசாரித்தார்கள். தெரியவந்தது இது: வெல்டிங்கிலும் கிரைண்டிங்கிலும் கண்ணில் இரும்புத்தூள் விழுவது கப்பல் தளத்தில் அன்றாடம். தூள் விழுந்தவர் தளத்தின் மருந்தகத்துக்குப் போகிறார். அங்கே ஒரே கருவி, ஒரே சொட்டு மருந்துப் புட்டி, அவசரத்தில் சரியாகக் கழுவாத கை. தூளை எடுத்த இடத்திலேயே கிருமி ஏறுகிறது. கீறல் விழுந்த கருவிழி அதற்குத் திறந்த கதவு. 1955-இல் சான்பிரான்சிஸ்கோவில் எர்னஸ்ட் ஜாவெட்ஸ் குழு இந்த நோயிலிருந்து அடினோவைரஸின் 8-ஆம் வகையைப் பிரித்தெடுத்தது. அதன்பிறகு உலகெங்கும் கண் மருத்துவமனைகளிலேயே இதே நோய் பலமுறை பரவியிருக்கிறது; காரணமும் பெரும்பாலும் அதுவே. காற்றில் மிதந்து வந்து தொற்றுவதைவிட, கண்ணைக் காப்பாற்ற வந்த கை வழியாகத் தொற்றுவதில்தான் இந்தக் கிருமிக்குத் தேர்ச்சி அதிகம்.

வடசென்னையில் அந்தச் சூழலின் ஒவ்வொரு கூறும் உண்டு. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்ததிலிருந்து, திருவொற்றியூர் என்ஃபீல்டு, மணலி சுத்திகரிப்பு ஆலை, 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளிக் கப்பல் தளம் என்று பெரிய நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அவற்றைச் சுற்றி லேத்துப் பட்டறை, ஃபேப்ரிகேஷன் ஷெட், லாரி பாடி கட்டும் இடம், காசிமேட்டில் படகு பழுது பார்க்கும் திட்டு என்று சிறு தொழில்கள் பெருகின. பெரிய ஆலையில் பாதுகாப்புக் கண்ணாடியும் மருத்துவ அறையும் சட்டப்படி உண்டு. பத்துப் பேர் வேலை செய்யும் ஷெட்டில் நிலைமை வேறு. கிரைண்டிங் சக்கரத்திலிருந்து பறந்த பொறி ஒருவர் கண்ணில் விழுகிறது. பக்கத்தில் நிற்பவர் கழுத்தில் கிடக்கும் துண்டின் நுனியைத் திரித்து, வாயில் ஈரப்படுத்தி, இமையைத் திருப்பித் தூளை லாவகமாக எடுத்துவிடுகிறார். ஒவ்வொரு பட்டறையிலும் இதில் கைதேர்ந்த ஒருவர் இருப்பார். அவரிடம்தான் எல்லோரும் போவார்கள். அது அன்பான உதவி, பல நேரம் பலனும் தரும். ஆனால் காலையில் பூளை தள்ளிய ஒரு கண்ணைத் துடைத்த துண்டே மாலையில் இன்னொரு கண்ணுக்குள் போனால், பேர்ல் ஹார்பரின் மருந்தகம் திருவொற்றியூரில் துண்டு வடிவில் வந்துவிட்டது என்று பொருள். தொற்று ஏற்பட்டவருக்கு அறிகுறி தெரிய ஐந்து முதல் பன்னிரண்டு நாள் ஆகலாம் என்பதால், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

இதற்கு முதல் மறுப்பு மருத்துவர்களிடமிருந்தே வரும். மெட்ராஸ் ஐ எல்லாமே அடினோவைரஸ் இல்லையே? உண்மைதான். சென்னையில் பரவிய ஒரு கண்நோய்க்குக் காக்ஸாக்கி ஏ24 என்ற வேறு வைரஸ் காரணம் என்று சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். 2010-இல் பரவியதை ஆராய்ந்து அடினோவைரஸின் மாறுபட்ட ஒரு வகையைக் கண்டதாக 2012-இல் வெளியிட்டவர்களும் அவர்களே. ஆண்டுக்கு ஆண்டு கிருமி மாறலாம். ஆனால் காக்ஸாக்கியின் அமைப்பைப் பாருங்கள்: குறுக்களவு 30 நானோமீட்டர், அடினோவைரஸில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் இருபது பரப்புகள் கொண்ட புரத ஓடு, அதற்கும் கொழுப்பு உறை கிடையாது. அளவு மாறினாலும் கட்டுமானம் ஒன்று, ஆகவே பரவும் வழியும் தடுக்கும் வழியும் ஒன்று. இந்த மறுப்பு என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது.

இரண்டாவது மறுப்பு: சானிடைசர் பயனே இல்லை என்பது மிகை. ஏற்கிறேன். செறிவான எத்தில் ஆல்கஹால் போதிய நேரம் ஈரமாகவே இருந்தால் அடினோவைரஸின் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆனால் கையில் விட்டது பத்து இருபது நொடியில் காய்ந்துவிடுகிறது. கிரீசும் எண்ணெயும் அப்பிய கையில் அது கிருமியை எட்டுவதே கடினம். சோப்பும் ஓடும் நீரும் வேறு வழியில் வேலை செய்கின்றன: ஓட்டை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, அழுக்கோடு கிருமியையும் பெயர்த்து வடிகாலில் விட்டால் போதும். பரப்புகளுக்கும் கருவிகளுக்கும் குளோரின் இருக்கிறது. அது புரதத்தையே சிதைக்கும். கண் மருத்துவர்கள் கருவி முனைகளைப் பத்தில் ஒரு பங்காக நீர்த்த பிளீச்சில் ஐந்து பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவைப்பது இதனால்தான். மழைக்காலத்தில் மாநகராட்சி தெருவோரம் தூவும் பிளீச்சிங் பவுடரின் பலமும் இதே குளோரின்தான். அது போய்ச் சேர வேண்டிய இடங்களில் பட்டறையின் பொதுக் குழாய்ப்பிடியும் கதவுக் கைப்பிடியும் உண்டு.

மூன்றாவது மறுப்பு தொழிலாளியே சொல்வது: “ஒரு வாரத்துல தானா போயிடும், இதுக்குப் போய் இவ்வளவு பேச்சா?” பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடுகிறது என்பது சரி. 2022 நவம்பரில் தமிழகத்தில் நாளொன்றுக்கு 4,000 முதல் 4,500 பேர் வரை இந்நோயோடு வருவதாக அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்னார், அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் குணமானார்கள். ஆனால் தானாகப் போவதற்கு ஒரு விலை உண்டு. தொற்றும் காலம் இரண்டு வாரம் வரை நீளலாம். தினக்கூலிக்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கும் அது அரை மாதச் சம்பளம். வேலைக்குப் போகாமல் இருக்க முடியாதவர் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். பார்வையால் ஒட்டாது, ஆனால் அவர் தொட்ட ஸ்பேனரால் ஒட்டும். கடுமையான வகைகளில் கருவிழியில் வெண்புள்ளிகள் தங்கி மாதக்கணக்கில் பார்வையை மங்கச் செய்யும். நுணுக்கமாக அளந்து வெட்ட வேண்டிய லேத்து வேலைக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை. இதையெல்லாம் விரைவில் முடிக்க மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பைக் குறைக்கும். கூடவே கிருமி நீண்ட நாள் கண்ணில் தங்க இடம் கொடுக்கும், கண்ணழுத்தத்தையும் ஏற்றலாம். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பாக்டீரியாவின் மீது வேலை செய்வது. புரத ஓட்டுக்குள் சுருண்டிருக்கும் டிஎன்ஏவை அது தொடுவதே இல்லை.

நான்காவது மறுப்புதான் கனமானது. சோப்பு போட்டுக் கழுவு என்று சொல்வது எளிது. தண்ணீருக்கு எங்கே போவது? மீஞ்சூரில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் வந்த பிறகும், கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பது வடசென்னைத் தெருக்களில் பழகிய காட்சி. ஒரே அறையில் ஐந்தாறு பேர், ஒரே கொடியில் தொங்கும் துண்டு என்றிருக்கும் வீட்டில் நோய் பரவுவதற்குப் பட்டறை மேல் பழி போடுவது நியாயமா? வீட்டில் பரவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டைப் பெரிதாக்க ஒரு தலைமுறை ஆகும்; பட்டறையில் ஒரு குழாயும் சோப்பும் வைக்க ஒரு நாள் போதும். வீட்டில் ஒருவர் கண்ணை இன்னொருவர் அடிக்கடி தொடுவதில்லை. பட்டறையில் அது வேலையின் ஒரு பகுதி. தடுப்பு எங்கே மலிவாகவும் பலமாகவும் அமையுமோ அங்கே தொடங்குவதே முறை. தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள இடத்தில் கழுவுவதற்கான தண்ணீரை யார் தருவது என்ற கேள்வி எழுந்தால், பதில் முதலாளியிடமும் குடிநீர் வாரியத்திடமும் இருக்க வேண்டும். கண் சிவந்த தொழிலாளியிடம் இருக்கக் கூடாது.

ஆகவே கேட்க வேண்டியவை நான்கு. கண்ணில் தூள் விழுந்தால் எடுப்பதற்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பஞ்சும், கழுவுவதற்குச் சுத்தமான உப்புநீரும் ஒவ்வொரு ஷெட்டின் முதலுதவிப் பெட்டியிலும் வேண்டும். துண்டு நுனிக்கு அங்கே வேலை இருக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி ஆளுக்கு ஒன்று வேண்டும், ஷிஃப்டுக்கு ஒன்று போதாது. ஒருவர் கண்ணில் விட்ட சொட்டு மருந்துப் புட்டியை இன்னொருவருக்கு விடக் கூடாது. கண் சிவந்தவருக்குச் சம்பளம் பிடிக்காமல் விடுப்பு வேண்டும். ஈஎஸ்ஐ உள்ளவருக்கு நோய்க்கால உதவித்தொகைக்கு வழி இருக்கிறது, பதிவே இல்லாத கான்ட்ராக்ட் ஆளுக்குத்தான் எதுவும் இல்லை. இவற்றில் முதல் மூன்றும் ஒரு மாத டீச் செலவுக்குள் முடியும். நான்காவதுக்குத்தான் செலவும் மனமும் வேண்டும். அது இல்லாமல் மற்ற மூன்றும் பாதிப் பலனே தரும், ஏனென்றால் கூலி போய்விடும் என்ற பயத்தில் கண்ணை மறைத்துக்கொண்டு வருபவரை எந்த முதலுதவிப் பெட்டியும் வெளியே நிறுத்தாது. ஆல்கஹாலுக்கு எளிதில் அடங்காத கிருமி என்பது வடசென்னையின் கையில் இல்லாத உண்மை. அது ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் போகும் பாதையோ முழுக்க முழுக்க நாம் அமைத்தது. அதை மூடுவதும் நம்மால் ஆகும்.

அடுத்த வாரம்: குழாயில் வரும் நீரும் காலராவும்.

(தொடரும்)